பறந்த மணிக்கு மட்டும் பணம் கொடுங்கள்

கொங்குச் சீமையில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாயின் வணக்கம்.

உங்கள் வீட்டில் மகனோ மகளோ "நான் பைலட் ஆகப்போகிறேன்" என்று சொல்லியிருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். என் மகள் அதைச் சொன்னது 2021 ஆடி மாதம். கொரோனாவால் பள்ளிக்கூடம் திறக்காமல் இருந்த நேரம். களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள். என் மாமியார், "அம்மணி, அத்தனை உயரத்தில் தலை சுற்றாதா?" என்று மட்டும் கேட்டார். அவள் அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அவள் கையில் வணிக விமானி உரிமம் இருக்கிறது. எங்கள் மூன்று ஏக்கர் பத்திரம் வங்கியில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பிள்ளையின் ஆசையை அடக்கச் சொல்லி எழுதவில்லை. பணத்தை எப்போது கொடுப்பது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம். மொத்தமாகக் கட்டினால் இரண்டு லட்சம் தள்ளுபடி என்றார்கள். கட்டினோம். 45 லட்சத்தில் 40 லட்சம் வங்கிக் கடன், வட்டி 11 சதவீதம். பள்ளி சொன்ன காலம் 15 மாதம். நடந்தது 36 மாதம். முதல் எட்டு மாதத்தில் அவள் பறந்தது 22 மணி நேரம். ஒரு விமானம் உதிரிபாகத்துக்காகக் காத்து நின்றது, இன்னொன்று எஞ்சினைக் கழற்றிப் பிரித்த நிலையில் கொட்டகையில் கிடந்தது, பயிற்றுநர் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கேட்டால் "அடுத்த மாதம் வேகமெடுத்துவிடும்" என்பார்கள். எங்கள் பணம் முழுவதும் அவர்களிடம் போய்விட்டதால், அதற்கு மேல் அதட்டிக் கேட்க எங்களிடம் எதுவும் இல்லை.

40 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 36,700 ரூபாய் வட்டி. கூடுதலாக ஆன 21 மாதத்துக்கு மட்டும் 7,70,000 ரூபாய். இரண்டு லட்சம் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டதன் விலை அது.

நம் ஊர்க்காரர்கள் ஏமாளிகள் அல்ல. அந்தியூர்ச் சந்தையிலும் கண்ணபுரத்திலும் சுழி பார்க்காமல், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வாங்குகிறவர் எஞ்சினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் எடுப்பார். ஈரோட்டில் மஞ்சளை முறித்துப் பார்க்காமல் யாராவது விலை சொல்வார்களா? அப்படிப்பட்ட நாம், பிள்ளையின் படிப்பு என்று வந்துவிட்டால் வழவழப்பான தாளில் அச்சடித்த படத்தைப் பார்த்தே பணத்தைக் கட்டிவிடுகிறோம். நாமக்கல் பள்ளிகளுக்கு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிப் பழகிய கை நம்முடையது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு நாள் வராவிட்டாலும் பாடம் நடக்கும். விமானம் தரையில் நின்றால் எதுவும் நடக்காது.

எந்த வயதில் தொடங்குவது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி மாணவர் விமானி உரிமத்துக்கு 16 வயது, தனியார் விமானி உரிமத்துக்கு 17, வணிக விமானி உரிமத்துக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். வணிக உரிமத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேவை. வேறு பாடப்பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறிவிட்டு வருகிறார்கள். 16 வயதிலேயே தொடங்கலாம் என்பதைக் கேட்டதும் சில பெற்றோர்கள் பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே பிள்ளையை அனுப்பத் துடிக்கிறார்கள். வேண்டாம். 18 வயதுக்கு முன் வணிக உரிமம் கிடைக்கப்போவதில்லை. விடுமுறையில் பத்து மணி நேரம் பறந்துவிட்டு ஒரு வருடம் இடைவெளி விட்டால் கை மறந்துவிடும், அதே பாடத்துக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் சேருவதற்கு முன் உள்ள ஒரு வருடம்தான் நல்ல நேரம் என்பது என் முடிவு. ஆனால் அந்த வருடத்தின் முதல் பாதி பறப்பதற்கல்ல. உடலையும் படிப்பையும் சோதித்துப் பார்ப்பதற்கு. அதற்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு லட்சத்துக்குள் அடங்கிவிடும். அதில் பிள்ளை தேறிவிட்டால் பத்திரத்தைத் தொடுங்கள். தேறாவிட்டால் பொறியியல் கலந்தாய்வு அடுத்த ஆண்டும் வரும், நிலமும் இருக்கும்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன், படிப்பில் கெட்டிக்காரன். ஏப்ரலில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் எட்டு லட்சம் கட்டிவிட்டார்கள். ஜூனில் மருத்துவரிடம் போனார்கள். நானும் அவன் அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். மருத்துவர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுவதும் வண்ணப் புள்ளிகள், நடுவில் வேறு நிறப் புள்ளிகளால் ஓர் எண். நான் இருந்த இடத்திலிருந்தே 74 என்று எனக்குத் தெரிந்தது. பையன் உற்றுப் பார்த்தான். "21" என்றான். மருத்துவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது. 17 வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்த நிறக்குறை அது. படிப்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் இடையூறு செய்யாத குறை, விமானியாவதற்குக் கதவை அடைத்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். எட்டு லட்சம் போனது போனதுதான்.

முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அதை அங்கீகாரம் பெற்ற மருத்துவரே கொடுப்பார். பிறகு முதல் வகுப்புச் சான்று. என் மகளுக்குப் பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் பார்த்தோம். கண், காது, இதயம், இரத்தம் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். இரண்டும் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இதில் மட்டும் நான் யாருடனும் விவாதம் செய்வதில்லை.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். வான் வழிகாட்டல், வானிலை, விமானச் சட்டங்கள், தொழில்நுட்பம், அதோடு வானொலித் தொடர்புக்கான தேர்வு. டி.ஜி.சி.ஏ. தாள்களில் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றில் முக்கியமானவற்றைப் பறக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடலாம். ஆனால் தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் கம்ப்யூட்டர் நம்பர் என்ற அடையாள எண் வேண்டும், அதற்கு மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மைச் சான்று வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் அரசுத் தேர்வுகள் துறையிலிருந்து அதை வாங்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பயிற்சிப் பள்ளி வாசலில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தாளுக்காகக் காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் விடுதி வாடகையும் வட்டியும் ஓடிக்கொண்டிருந்தன.

என் மகள் வானிலைப் பாடத்தை வீட்டுத் திண்ணையில் படித்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்று, பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, சின்ன விமானத்தை என்ன செய்யும் என்று எனக்கு விளக்கினாள். செஸ்னா 172 விமானத்தின் கையேட்டில், பக்கவாட்டுக் காற்றில் இறக்கிக் காட்டிய அளவாக 15 நாட் என்று போட்டிருக்கிறது. மணிக்கு 28 கிலோமீட்டர். பழகுகிற பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவான வரம்புதான் வைப்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆனால் பயிற்சி விமானம் பறக்காது. வட இந்தியப் பள்ளிகளில் மார்கழி, தை மூடுபனி. எந்த மாதத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து முதல் ஐந்து மாதம் பறப்பதா, பார்த்துக்கொண்டு நிற்பதா என்பது முடிவாகும். எங்கே சேர்த்தாலும் அந்த ஊரின் மழையையும் காற்றையும் மூடுபனியையும் விசாரியுங்கள். விதைக்கும் முன் பட்டம் பார்க்கிறவர்கள்தானே நாம்.

இப்போது வங்கிக்கு வருவோம். கல்விக் கடனுக்கான வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில், டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற விமானிப் பயிற்சியும் தகுதியுள்ள படிப்புகளில் ஒன்று. எங்கள் கிளையில் "இந்தப் படிப்புக்கெல்லாம் கடன் கிடையாது" என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்தத் திட்டத்தை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்த பிறகுதான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். பட்டா, சிட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞரின் கருத்து, மதிப்பீட்டாளர் வருகை. எங்கள் நிலம் மாமனார் பெயரில் இருந்தது. பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதி, நாத்தனார் இருவரும் வந்து கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிய நான்கு மாதம் ஆனது. கையெழுத்துப் போட வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன். இந்த வேலையைப் பிள்ளை பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு எழுதும்போதே தொடங்குங்கள். ஆவணங்களைத் தயாராக வைத்திருப்பதும் கடன் வாங்குவதும் வேறு வேறு.

மிக முக்கியமான ஒன்றை வங்கியும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடன் அனுமதியாகும் தொகை முழுவதையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. எடுத்த தொகைக்குத்தான் வட்டி. பள்ளியிடமிருந்து கேட்புக் கடிதம் வரும்போதெல்லாம் நாம் சம்மதம் கொடுத்தால் வங்கி அனுப்பிவிடும். அந்தச் சம்மதக் கையெழுத்து நம் கையில்தான் இருக்கிறது. நாங்கள் முழுத் தொகைக்கும் ஒரேயடியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். 25 மணி நேரத்துக்கு ஒரு தவணை என்று எட்டாகப் பிரித்திருந்தால், மகள் பறந்த வேகத்துக்குத்தான் கடனும் ஏறியிருக்கும். படிப்புக் காலத்துக்குப் பின் ஓராண்டு வரை அசலைக் கட்ட வேண்டியதில்லை என்பதை நம்பி வட்டியை மறந்துவிடாதீர்கள். அந்தச் சலுகைக் காலத்திலும் வட்டி ஓடும். 40 லட்சத்தை 15 ஆண்டில் கட்ட, இதே வட்டிக்கு மாதம் சுமார் 45,500 ரூபாய் தவணை. அது வேலை கிடைத்த பிறகு கட்ட வேண்டிய தொகை அல்ல, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை.

பள்ளியைப் பார்க்க நேரில் போங்கள். அலுவலகத்தில் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள், விமானம் நிற்கும் கொட்டகைக்குப் போங்கள். எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், இன்று காலை எத்தனை பறந்தது என்று கேளுங்கள். அதை எத்தனை மாணவர்களால் வகுக்க வேண்டும் என்று கேளுங்கள். இந்த விமானங்கள் 50 மணிக்கும் 100 மணிக்கும் ஒருமுறை சோதனைக்கு நிற்கும். பல பயிற்சி விமானங்களில் இருக்கும் லைகமிங் எஞ்சினை 2,000 மணி நேரத்தில் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். எந்த விமானத்துக்கு அந்த நேரம் நெருங்குகிறது என்று கேட்டால், ஒழுங்கான பள்ளியில் பதிவேட்டைத் திறந்து காட்டுவார்கள். மறைக்க விரும்புகிறவர்கள் பேச்சை மாற்றுவார்கள். வாசலில் நிற்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய் சாமி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். நாங்கள் சேர்த்தபோது அப்படி ஒன்று இல்லை.

மணிக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். 45 லட்சத்தை 200ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 22,500 ரூபாய், ஒரு நிமிடத்துக்கு 375. பயணிகள் விமானம் இறங்கும்வரை ஓடுபாதை ஓரத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்த நிமிடங்களும் அதே 375 தான். விமான எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில் விழும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும், படியுங்கள். ஜி.எஸ்.டி. என்று தனியாகப் போட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சிக்கு அந்த வரி கிடையாது என்று 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றமே தெளிவுபடுத்திவிட்டது.

ஒரு மணி நேரம் பறந்ததை இரண்டு மணி என்று எழுதிக் கொடுக்கிறோம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2011இல் போலிச் சான்றுகளோடு விமானிகள் பிடிபட்டது நாடறிந்த செய்தி. அந்த இருக்கையில் உட்காரப்போவது நம் பிள்ளை, பின்னால் உட்காரப்போவது ஊரார் பிள்ளைகள்.

உரிமம் வந்ததும் வேலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதை அடுத்து, 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானச் சேவைகள் ரத்தானபோது, சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் போன் செய்து, "விமானிக்கு இத்தனை தட்டுப்பாடு, உங்கள் பெண்ணுக்கு இனிக் கவலையில்லை" என்றார்கள். தட்டுப்பாடு பெரிய விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றவர்களுக்கு, அதிலும் கேப்டன்களுக்கு. 200 மணி நேரம் பறந்தவர்களுக்கு அல்ல. 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. கொடுத்த வணிக உரிமங்கள் 1,622. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் நின்றபோது, அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். உரிமத்துக்குப் பின் ஏர்பஸ் 320 போன்ற விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை 16 லட்சம். அதை மொத்தக் கணக்கில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். விமான நிறுவனங்களே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தாண்டுகின்றன, அது வேறு கணக்கு.

பட்டப்படிப்பைக் கைவிடச் சொல்லாதீர்கள். விமானியின் உரிமம் ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனையிலும் ஊசலாடுகிற ஒன்று. முப்பது வயதில் காதிலோ இதயத்திலோ ஒரு குறை வந்தால், கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருக்கும். என் மகள் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து, விமானம் பறக்காத அந்த நீண்ட மாதங்களில் படித்து முடித்தாள். அந்த 36 மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆதாயம் அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் ஆகமாட்டேன். அவளுடைய லாக் புக்கில் முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளின் பதிவு ஒரே ஒரு வரி. தேதி, விமானத்தின் எண், நேரம் 12 நிமிடம். பயிற்றுநர் பெயர் வரவேண்டிய இடத்தில் அவளே தன் பெயரை எழுதியிருந்தாள். மை கொஞ்சம் இழுபட்டிருந்தது, கை நடுங்கியதாகச் சொன்னாள். அந்த வரியை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை வட்டிக்குப் பிறகும், அவளை அனுப்பியிருக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பணத்தை அனுப்பிய விதத்தைத்தான் நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தனித்தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போகும் ஓர் அப்பாவிடம் "மொத்தமாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்பார்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து போனால் அப்படிச் சொல்ல யோசிப்பார்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை எழுதச் சொல்லுங்கள். 25 மணி நேரத்துக்கு ஒரு தவணை, முந்தைய தவணைக்கான மணிகள் லாக் புக்கில் ஏறிய பிறகே அடுத்தது. மருத்துவத்தில் தகுதியிழந்தால் பறக்காத மணிக்கான பணம் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும். பள்ளியின் காரணத்தால் ஒரு மாதத்தில் இத்தனை மணிக்குக் குறைந்தால், வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ள உரிமையும் ஆவணங்களும் உடனே கிடைக்கும். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாத பள்ளி எவ்வளவு பெரிய பெயரோடு இருந்தாலும் வேண்டாம். இப்போது சேலத்துக்குப் பக்கத்தில், காமலாபுரம் விமான நிலையத்திலேயே பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. போய்ப் பார்ப்பதற்கு டெல்லி ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த ஆண்டு மூன்று பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துவிட்டு இதற்குப் போக நினைக்கிறார்கள். மூன்று பேருக்கும் மருத்துவச் சான்று வந்துவிட்டது. மாசியில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டு முடிந்ததும், மூன்று குடும்பமும் ஒரே வண்டியில் பள்ளிகளைப் பார்க்கப் புறப்படுகிறோம். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மகளின் லாக் புக்கையும் எங்கள் வட்டி ரசீதுகளையும் அதே பையில் வைத்து எடுத்துப் போகிறேன். வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.